காலைத் தூக்கி வைக்காதே: ரியோ நீக்ரோவில் பதினோரு நாள்

ஜனவரி 8, 2025 – மனாவ்ஸ், பிரேசில்

நள்ளிரவு தாண்டி வந்து இறங்கினேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. அவ்வளவு ஈரம், அவ்வளவு வெக்கை. டாக்சிக்காரர் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "முதல் முறையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நன்றி, சரி, மன்னிச்சுக்கோ, போய் வா எல்லாவற்றுக்கும் இங்கே இந்தக் கட்டைவிரல்தான் என்று இரண்டு நாளில் புரிந்துவிட்டது.

எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். சுறா, திருக்கை பாடம் வரும்போதெல்லாம் யூரியாவைப் பற்றிச் சொல்வேன். கடல்நீரில் உப்பு அதிகம். சாதாரண உடம்பாக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாம் வெளியே இழுக்கப்பட்டுவிடும். அதனால் சுறாவும் திருக்கையும் யூரியாவை வெளியேற்றாமல் ரத்தத்திலேயே தேக்கி வைத்து, கடலுக்குச் சமமாக நின்றுகொள்கின்றன. ஆற்றுக்குள் வந்து போகும் காளைச்சுறாகூட அந்த யூரியாவை முழுசாக விட்டுவிடுவதில்லை. இதையெல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சொல்வேன்: "விதிவிலக்கு, தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கை." அப்புறம் அடுத்த பாடம்.

போன வருஷம் ஒரு மாணவி எழுந்து, "மேடம், அது திரும்பக் கடலுக்குப் போக முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். 1967-இல் தார்சன் என்பவரும் கூட்டாளிகளும் அதன் ரத்தத்தைச் சோதித்தபோது யூரியா மிகமிகக் குறைவாக இருந்தது. பிறகு நடந்த சோதனைகளில் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றிப் பார்த்தும் அது யூரியாவைச் சேர்த்து வைக்கவில்லை. பதில் சரிதான். ஆனால் அந்த மீனை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பாடத்தில் ஒரே வரியில் தாண்டிப் போகிற மீனைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஓராண்டு போர்ச்சுகீஸ் படித்தேன். சேமிப்பை எடுத்தேன். வந்துவிட்டேன்.

ஜனவரி 9 – மனாவ்ஸ்

காலையில் ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனேன். மீன் பகுதியில் நுழைந்ததும் நம் ஊர் மீன் அங்காடி நினைவு வந்தது, வாசனை தவிர. ஆற்றுமீன் வாசனை வேறு. சேறும் புல்லும் கலந்தது. ஆளுயரப் பிராருக்குவை உப்புப் போட்டுக் காயவைத்துப் பாய் போலச் சுருட்டி வைத்திருந்தார்கள். விலை கேட்டவர்களுக்கு முனையைக் கிள்ளிக் கையில் கொடுத்தார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டிக்குள் துக்குமா என்ற பனம்பழச் சதையும் வாட்டிய பாலாடைக்கட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். 18 ரெயால். நான் போனபோது ஒரு ரெயால் சுமார் 14 ரூபாய். மதியம் பொரித்த ஜராக்கி. உள்ளங்கை நீள மீன், முள் அதிகம். குறுக்காக நெருக்கமாய்க் கீறிப் பொரிப்பதால் முள்ளும் மொறுமொறுவென்று போய்விடுகிறது. "ஜராக்கி தின்றவர் இந்த ஊரைவிட்டுப் போகமாட்டார்" என்று இங்கே ஒரு சொலவடை உண்டு. பரிமாறிய அம்மா அதை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டி, நான் திருப்பிச் சொன்னதும் கைதட்டினார்.

மாலையில் துறைமுகத்துக்குப் போனேன். ஆற்றின் நீர்மட்டம் நூறு வருஷத்துக்கும் மேலாக இங்கே பதிவாகிறது. ஒவ்வொரு வருஷத்து உச்சத்தையும் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021-இல் 30.02 மீட்டர். அதுதான் இதுவரை அதிகம். மூன்றே வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், 12.11 மீட்டருக்கு இறங்கி, மிகக் குறைந்த அளவாகவும் பதிவாகிவிட்டது. வழக்கமான வருஷத்திலேயே ஆறு சராசரியாகப் பத்து மீட்டர் ஏறி இறங்கும். மூன்று மாடி உயரம்! அந்தப் பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படுத்துக்கொள்ளத் துணி ஊஞ்சல் ஒன்று வாங்கினேன், 70 ரெயால். படகில் படுக்கை கிடையாது; நம் ஊஞ்சலை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 10, 11, 12 – படகில்

திருக்கை பார்க்க நான் போகும் பார்செலோஸ் ஊருக்கு ஆற்று வழியில் 400 கிலோமீட்டருக்கு மேல். வழக்கமாக ஒன்றரை நாள் என்றார்கள். எங்களுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று.

மேல்தட்டில் நூறு ஊஞ்சல்கள் இருக்கும். பக்கத்து ஊஞ்சல்காரரின் முழங்கை நம் விலாவில் இடிக்கும். யாரும் முகம் சுளிப்பதில்லை. எனக்கு ஒரு பக்கம் ஒரு பாட்டி, மறு பக்கம் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். நான் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்துவிட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துத் தானே கட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் என்னை "மகளே" என்றுதான் கூப்பிட்டார்.

சாப்பாடு: சோறு, பீன்ஸ், நூடுல்ஸ், கோழி, மேலே தூவ மரவள்ளி மாவு. மாவு என்று சொல்வது சரியில்லை. மஞ்சள் குருணை, சரளைக்கல் போலப் பல்லில் கடிபடும். முதல் நாள் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. காபியில் மட்டும் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள்.

வெளியே ரியோ நீக்ரோ. பெயருக்கே கறுப்பு ஆறு என்றுதான் அர்த்தம். குவளையில் மொண்டால் பால் ஊற்றாத தேநீரின் நிறம். ஆற்றில் பார்த்தால் மை. காட்டில் அழுகும் இலையும் வேரும் கசிந்த சாறு அது. பிஎச் 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கும் புளித்த தண்ணீர். உப்புச் சத்து என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கொசு குறைவு என்பது மட்டும் எங்களுக்கு நல்லது. இந்தத் தண்ணீரில் ஒரு திருக்கை எப்படி உடம்பிலுள்ள சோடியத்தைக் காத்துக்கொள்கிறது என்று படித்தபோது வியந்திருக்கிறேன். செவுள் வழியாக இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சி எடுக்கிறது. அந்தக் கறுப்புச் சாறே, புளிப்பு செவுளை அரித்துவிடாமல் ஒரு காப்பாக நிற்கிறது என்று இங்கே நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வடிகட்டிய தெளிந்த நீரில் அதே புளிப்பை வைத்தால் மீன் தாங்குவதில்லை.

இரண்டாம் இரவு படகு மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. மெல்லிய உரசல் சத்தம், ஊஞ்சல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன, அவ்வளவுதான். விடிந்து பார்த்தால் சுற்றிலும் முழங்கால் ஆழம். வேறொரு படகு வந்து இழுக்கும் வரை பதினோரு மணி நேரம். யாரும் கத்தவில்லை, கப்பல்காரரைத் திட்டவில்லை. சீட்டுக்கட்டு வெளியே வந்தது. ஒருவர் தூண்டில் போட்டார். பாட்டி பையிலிருந்து காட்டுக் கொட்டைகளை எடுத்து உடைத்துச் சுற்றி இருந்த எல்லோருக்கும் கொடுத்தார்.

சில பேர் குளிக்க இறங்கினார்கள். நானும் ஏணிப்படியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து பாட்டி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"காலைத் தூக்கி வைக்காதே. இழுத்து நட. மணலைத் தேய்த்துக்கொண்டே போ."

"எதற்குப் பாட்டி?"

"அஹாயா."

இங்கே திருக்கைக்கு அதுதான் பெயர். அவர் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். காசு அளவுக்குக் குழிந்த ஒரு தழும்பு. பன்னிரண்டு வயதில், துணி துவைக்கப் போனபோது, என்றார். மிதித்தால்தான் குத்தும், தேய்த்துக்கொண்டு போனால் முன்கூட்டியே அதிர்வு தெரிந்து நகர்ந்துவிடும். "அதற்கு நம்மோடு சண்டை கிடையாது மகளே. அதன் முதுகில் ஏறாமல் இருந்தால் போதும்."

அன்று குளித்துவிட்டு ஏறும் வரை ஒரு தடவைகூட நான் பாதத்தை மணலிலிருந்து எடுக்கவில்லை.

ஜனவரி 13 – பார்செலோஸ்

இந்த ஒரு நகராட்சியின் பரப்பு மட்டும் 1,22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாடு 1,30,000. அதாவது ஏறக்குறைய நம் மாநிலம் அளவு இடம். ஆட்கள் இருபதாயிரத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் போர்ச்சுகீஸ்காரர்கள் இந்தப் பகுதிக்கே தலைநகராக வைத்திருந்த ஊர். இன்று அலங்கார மீன் ஊர். மீன்தொட்டிக் கடைகளில் நீலமும் சிவப்புமாக மின்னும் கார்டினல் டெட்ரா இங்கிருந்து போகிறது. அதைப் பிடிப்பவர்களுக்குப் பியாபெய்ரோ என்று பெயர்.

என்னை அழைத்துப் போக ஒப்புக்கொண்டவர் ஒரு வயதான பியாபெய்ரோ. உதவிக்கு ஒரு பையன், பதினெட்டு வயதிருக்கும். ஒரு நாளைக்கு 350 ரெயால், பெட்ரோல் தனி. பேரம் பேச வாயெடுத்தேன். பெரியவர் பெட்ரோல் விலைப் பலகையைக் காட்டினார். மனாவ்ஸை விட எவ்வளவோ அதிகம். வாயை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 14 – மணல்திட்டு

எதிரே இருப்பது மரியுவா தீவுக்கூட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். நீர் வடிந்திருக்கும் இந்த மாதங்களில் தீவுகளுக்கு நடுவே வெள்ளை மணல் எழும்பி நிற்கிறது.

இரவு ஏழு மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையோரமாகப் போனோம். பகலில் ஆழத்திலோ மணலுக்குள்ளோ கிடப்பவை, இரவில் இரை தேடிக் கரைக்கு வருகின்றன. பெரியவர் கையை நீட்டினார். எனக்கு மணல்தான் தெரிந்தது. "கண்ணைப் பார்" என்றார். அப்புறம்தான் பார்த்தேன், மணலில் இரண்டு குமிழ். பக்கத்திலேயே இரண்டு துளை, மூடி மூடித் திறந்துகொண்டு.

அந்தத் துளைகள்தான் அதன் மூக்கு மாதிரி. வாயும் செவுளும் அடியில் மணலோடு ஒட்டிக் கிடக்கும்போது, மேலே கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, அடியில் செவுள் வழியாக விடும். பாடத்தில் படம் போட்டு எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன். அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது வேறு. நான் எத்தனை நேரம் குனிந்து நின்றேன் என்று தெரியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது.

பையன் துடுப்பால் மணலைத் தட்டினான். அது எழுந்தது. பழுப்பு வட்டத்தட்டு, மேலெல்லாம் கறுப்பு வளையத்துக்குள் ஆரஞ்சுப் பொட்டுகள். பொட்டமோட்ரைகான் மோட்டோரோ. கிரேக்கத்தில் பொட்டமோஸ் என்றால் ஆறு, ட்ரைகான் என்றால் திருக்கை. 1841-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். விளிம்பு முழுக்க அலை ஓடியது. வாலை உயர்த்தாமல், பதறாமல், இரண்டடி தள்ளிப் போய் மறுபடி மணலைத் தன்மேல் வாரிப் போட்டுக்கொண்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜனவரி 15 – காட்டுக்குள்

நாள் முழுக்க மழை. தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து சுட்ட தம்பாக்கி விலா தின்றோம். கொழுப்பு ஒழுகும் மீன், எலுமிச்சை பிழிந்தால் போதும். மதியம் மழை விட்டதும் இகாப்போவுக்குப் போனோம். கறுப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் காட்டுக்கு அந்தப் பெயர். வெள்ளக் காலத்தில் மரக்கிளை வரை தண்ணீர்; இப்போது குட்டைகளும் ஓடைகளும் மட்டும், அடியில் முழங்கால் ஆழத்துக்கு இலைச்சருகு.

இங்கேதான் குருரு இருக்கிறது. ஆற்றுத் திருக்கைகளில் மிகச் சிறியவற்றில் ஒன்று, வளர்ந்தாலும் ஓரடி அகலம்தான். வெளிர் பழுப்பில் கறுப்புக் கோடுகள் புழு நெளிந்தது போல. சருகின் மேல் கிடந்தால் சருகுதான். பெரியவர் மூன்று காட்டினார். நானாகக் கண்டுபிடித்தது ஒன்றுகூட இல்லை.

இந்த மீனுக்கு ஒரு கதை உண்டு. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1850 முதல் 1852 வரை இந்த ஆற்றில் சுற்றி, பிடித்த மீன்களையெல்லாம் பென்சிலில் வரைந்தார். திரும்பிப் போகும்போது அட்லாண்டிக் நடுவில் கப்பல் தீப்பிடித்து, சேகரித்த உயிரினங்கள் எல்லாம் போயின. தகரப் பெட்டியில் எடுத்துப் பிழைக்கவைத்த சிலவற்றில் மீன் படங்களும் இருந்தன. திருக்கையும் அதில் இருந்தது. அறிவியல் அதற்கு ஒழுங்காகப் பெயர் வைத்தது 2016-இல்தான்: பொட்டமோட்ரைகான் வாலஸி. நூற்றறுபது வருஷத்துக்கும் மேல் மீன்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த மீன், கடைகளில் ஏற்றுமதியான மீன், தனக்கென்று ஒரு பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது.

இப்படி நடக்கக் காரணம் உண்டு. ஒரே இனத்தில் ஓர் ஆற்றில் ஒரு கோலம், அடுத்த ஆற்றில் வேறு கோலம். தாய்க்கும் குட்டிக்கும்கூட வேறு. இன்று 35-க்கும் மேற்பட்ட இனங்கள் கணக்கில் இருக்கின்றன. ஷிங்கு ஆற்றில் இருப்பது கரிக்கட்டை மேல் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல. தெற்கே பராகுவே, பரானா ஆறுகளில் இருநூறு கிலோவை எட்டும் பேருருவம் ஒன்று. நீளவால் கொண்ட பிளேசியோட்ரைகான். மீனை வேட்டையாடும் பாராட்ரைகான். சூரியனைப் போல் முழுவட்டமாக இருப்பதால் ஹீலியோட்ரைகான் என்று 2011-இல் பெயர் பெற்ற தனிப் பேரினம். ஒரே குடும்பம், ஒரே கண்டம். இந்த ஆற்று இனங்கள் இயற்கையாக உலகில் வேறெங்கும் இல்லை.

இவற்றின் முன்னோர் கடலிலிருந்து வந்தவை. கண்டத்தின் வடக்கிலிருந்து கடல்நீர் உள்ளே ஏறிப் பரவிய காலங்களில் வந்து, கடல் பின்வாங்கியபோது உள்ளேயே தங்கிவிட்டன என்பது பெரும்பாலோர் கருத்து. எப்போது என்பதில்தான் சண்டை. மரபணுக் கணக்குகளில் சில இரண்டு கோடி ஆண்டை ஒட்டிச் சொல்கின்றன. பெருவில் கிடைத்த பற்களோ நான்கு கோடி ஆண்டுப் பழைய பாறையில் இருக்கின்றன. எனக்குப் பல்லின் பேச்சில்தான் நம்பிக்கை. நெருங்கிய சொந்தம் இரண்டு இனங்கள் மட்டும் இன்னும் கடலில், ஒன்று கரீபியன் பக்கம், இன்னொன்று பசிபிக் பக்கம். பனாமா நிலப்பாலம் எழுந்து இரண்டு கடலையும் பிரிப்பதற்கு முன்னாலிருந்தே இருந்த குடும்பம் என்பதற்கு அந்த இரண்டும் சாட்சி.

ஜனவரி 16 – குத்துப்பட்ட நாள்

காலை ஆறரை. வலையை அவிழ்க்கப் பையன் படகிலிருந்து குதித்தான். குதித்தான் என்பதுதான் தப்பு. இறங்கியிருக்க வேண்டும்.

கத்தவில்லை. "ஆ" என்று மூச்சை மட்டும் உள்ளிழுத்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். குதிகாலுக்கு மேலே விரல்நகம் அளவு வெட்டு, ரத்தம் கொஞ்சம்தான். ஐந்து நிமிஷத்தில் முகம் வெளிறி, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் தானாக ஒழுகியது. அப்படி ஒரு வலியை நான் நேரில் பார்த்ததில்லை.

அந்த முள் வாலின் மேல் இருக்கிறது, இருபுறமும் பின்னோக்கிய ரம்பப் பற்களோடு. உள்ளே போவது சுலபம், வரும்போது கிழிக்கும். கடல் திருக்கைகளில் நஞ்சு சுரக்கும் செல்கள் பெரும்பாலும் முள்ளின் பள்ளங்களில் இருக்கும். ஆற்றுத் திருக்கையில் முள் முழுக்கப் போர்த்தியிருக்கின்றன. புண் பிறகு அழுகிக் குழிந்து ஆற வாரக்கணக்கில் ஆவதும் அதனால்தான். பாட்டியின் தழும்பு கண் முன்னால் வந்தது.

பெரியவர் பதறவில்லை. சோற்றுக்கு வைத்திருந்த வெந்நீரை வாளியில் ஊற்றி ஆற்றுநீர் கலந்தார். முதலில் தன் கையை விட்டுப் பார்த்தார், பிறகு பையனின் நல்ல காலை. அதற்கப்புறம்தான் குத்துப்பட்ட கால். வலியில் சூடு உறைக்காது, அப்படியே வெந்துவிடும் என்றார். தாங்கக்கூடிய சூட்டில், ஆற ஆற வெந்நீர் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு மேல். சூடு இருக்கும்வரை வலி குறைகிறது. புண்ணை அது ஆற்றாது, மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நான்கு மணி நேரம் படகு ஓட்டினோம். பையனின் தலை என் மடியில். எனக்குத் தெரிந்த போர்ச்சுகீஸ் எல்லாம் தீர்ந்து, தமிழில் "கொஞ்சம்தான் கண்ணு, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

மருத்துவமனையில் மருத்துவர் புண்ணைக் கழுவி, முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, தையல் போடாமல் திறந்தே விட்டார். தடுப்பூசி, மாத்திரை. பணம் ஒன்றும் வாங்கவில்லை. நீர் வடிந்த மாதங்களில் இப்படி வருகிறவர்கள் அதிகம் என்றார்.

சாயங்காலம் பெரியவரிடம், அந்தத் திருக்கையைத் தேடிக் கொன்றிருப்பீர்களோ என்று கேட்டேன். புரியாத மாதிரி என்னைப் பார்த்தார். "அதன் மேல்தானே இவன் குதித்தான்?"

ஜனவரி 17 – மீன் கொட்டகை

ஆற்றில் மிதக்கும் கொட்டகை. பிளாஸ்டிக் தொட்டிகள், சின்ன மோட்டார். பிடித்த திருக்கைகளின் முள்ளுக்கு மெல்லிய குழாயை மாட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு தொட்டியில் இறாலைப் போட்டுக் காட்டினார்கள். மோட்டோரோ அதன் மேல் கூடாரம் போல் கவிந்து, முன்விளிம்பைச் சட்டென்று தூக்கியது. இறால் அடியில் இழுக்கப்பட்டு மறைந்தது. அதன்பின் தாடை பக்கவாட்டில் அசைந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மென்று தின்கிறது! மெல்லுவது பாலூட்டிகளின் வேலை என்று நினைத்திருந்தவர்களுக்கு 2016-இல் வந்த ஆய்வு பெரிய அதிர்ச்சி. இந்த மீன் பூச்சி லார்வாவின் கெட்டியான ஓட்டையும் இப்படித்தான் அரைக்கிறது. எலும்பே இல்லாத, வெறும் குருத்தெலும்புத் தாடை.

அடுத்த தொட்டியில்தான் அது. முந்தின இரவு பிடித்த குருரு, பெண். தண்ணீர் கலங்கியிருந்தது. அடியில் என் உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு குட்டிகள், வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, அசையாமல். பிடித்துத் தூக்கும் அதிர்ச்சியில் சூல் கொண்டவை இப்படிக் கலைத்துவிடும். திருக்கை ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிற மீன் இல்லை. குட்டிகளைக் கருப்பைக்குள் வைத்து, உள்சுவரிலிருந்து இழை இழையாகத் தொங்கும் திசுக்கள் சுரக்கும் பாலை ஊட்டி வளர்க்கிறது. குருருவுக்கு ஓர் ஈற்றில் ஒன்றோ இரண்டோ. அந்த இரண்டும் தொட்டியில் கிடந்தன.

கொட்டகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வயிறு உப்பியிருந்தால் விட்டுவிடு என்று பையன்களிடம் சொல்லித்தான் அனுப்புகிறேன், இருட்டில் தெரியவில்லை என்றார். அவர் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். தாயை அள்ளி வாளியில் வைத்துப் படகில் கொண்டுபோய் அது பிடிபட்ட ஓடையிலேயே விட்டார். நானும் கூடப் போனேன். சருகுக்குள் போனதும் தெரியவில்லை.

இந்தத் தொழிலே நின்றுவிட்டால் நல்லது என்று அந்தத் தொட்டியருகே நின்றபோது நினைத்தேன். இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. மீன் விற்றுப் பிழைக்கிறவரைக்கும் இந்த ஊர்க்காரர்களுக்குக் காடு வேண்டும். காடு இல்லாவிட்டால் மீன் இல்லை. 1989 முதல் இங்கே நடக்கும் பியாபா திட்டம் இதையேதான் சொல்லி வருகிறது. பிரேசில் பல வருஷங்களாக ஏற்றுமதிக்கு இனவாரியாக வரம்பு வைத்திருந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாடு, குருருவையும் ஷிங்குவின் கறுப்புத் திருக்கையையும் சேர்த்து ஏழு இனங்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்றியது. இனி அந்த ஏழு இனங்களையும் விற்பதால் காட்டில் குறையாது என்று காட்டினால்தான் ஏற்றுமதி அனுமதி. இது சரியான முடிவு. தொட்டியில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், எங்கே, எப்படிப் பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கட்டும். கேட்காமல் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

அணைகளைப் பற்றியும் பேசினோம். பரானா ஆற்றில் இத்தைப்பூ அணையின் நீர் 1982-இல் பெரிய அருவிகளை மூழ்கடித்தது. அதுவரை அருவியைத் தாண்ட முடியாத திருக்கைகள் மேலே ஏறிவிட்டன. காலை இழுத்து நடக்கவேண்டும் என்று தெரியாத மக்கள் இருக்கும் கரைகளுக்கு. பெரியவர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்றார் கடைசியில்.

ஜனவரி 18 – கிளம்பும் நாள்

விரைவுப் படகு, அதிகாலை. படகுத்துறையில் நீர் வடிந்து பலகையை எட்டவில்லை. பெட்டியைத் தலைமேல் வைத்து முழங்கால் தண்ணீரில் ஏற வேண்டியிருந்தது. பாதத்தை இழுத்துக்கொண்டே போனேன். நினைத்துச் செய்யவில்லை, கால் தானாகச் செய்தது.

பையன் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்திருந்தான். பை நிறையத் துக்குமா. காசு நீட்டினேன், இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டான். உங்கள் ஊர் அஹாயாவை எப்படித் தின்பீர்கள் என்று கேட்டான். வேகவைத்துத் தோலை உரித்து, மஞ்சள், மிளகு, பூண்டு, வெங்காயம் போட்டு உதிர்த்துப் புட்டாகச் செய்வோம், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்று கொடுப்பார்கள் என்றேன். மிளகு எவ்வளவு என்று அவன் அம்மா கரையிலிருந்தே கேட்டார். கையால் அளவு காட்டினேன். கட்டைவிரல் உயர்ந்தது.

படகு மணலில் சிக்கியிருந்தது. தள்ள ஆள் வேண்டுமென்றார் ஓட்டுநர். பையன் நல்ல காலை முன்னால் விட்டு, மணலைத் தேய்த்தபடி தண்ணீரில் இறங்கினான். "கட்டு நனையும்டா, ஏறு மேலே!" என்கிற மாதிரி அவன் அம்மா ஓர் அதட்டல் போட்டார். தேய்த்துக்கொண்டே திரும்பிக் கரையேறினான். பெரியவர் இறங்கித் தள்ளினார்.